காலி சிலிண்டர்

பிரமிளா வேலையை விட்ட அன்று ஜெயபாலன் சிரித்தான். கடையில் இருந்த மூன்று பேரும் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சிரித்தான்.

“தனியா ஏர்கோன் வேல செய்யப் போறியா? பொம்பளைக்கு சூசா லா, ரொம்பக் கஷ்டம். ஏணிய யாரு பிடிப்பா?”

“இத்தன வருசம் உங்களுக்கு நான்தானே பிடிச்சேன் அண்ணே. ஏறத் தெரியாத ஆளுக்குத்தான் பிடிக்க ஆள் வேணும்.”

அவன் சிரிப்பு ஒரு பக்கமாகக் கோணியது. அவளுக்கு அது போதும்.

சுங்கை சிப்புட்டிலிருந்து வேலை தேடி ஈப்போவுக்கு வந்தவளை, போன் எடுக்கத்தான் ஜெயபாலன் சிலிபினில் இருந்த தன் கடையில் வைத்துக்கொண்டான். ஆள் பற்றாத ஒரு நாள் ஏணி பிடிக்கக் கூட்டிப்போனான். இரண்டே வருடத்தில் அவனைவிட நன்றாக வேலை செய்தாள். அதைப் பெரிய சாதனையாக அவள் நினைத்ததே இல்லை. ஜெயபாலனைவிட நன்றாக ஏர்கோன் கழுவ இரண்டு கை இருந்தாலே போதும். அவனிடம் இருந்த ஒரே கருவி வாய்.

எந்த வீட்டுக்குப் போனாலும் மூடியைக் கழற்றும் முன்பே உதட்டைப் பிதுக்குவான். “கேஸ் இல்ல. அதான் குளிரல.” பிரமிளா வேனிலிருந்து சிலிண்டரைத் தூக்கி வருவாள். பாதி நாள் அது காலியாகத்தான் இருக்கும். வெளியே இருக்கும் கம்ப்ரசரில் குழாயை மாட்டி, அந்த வீட்டு ஏர்கோனில் இருக்கும் கேசையே ஒரு நொடி மட்டும் காற்றில் விடுவான். ‘உஸ்’ என்று கேட்கும். “பாத்தீங்களா, ஏறுது,” என்பான். பெரிய படிப்புப் படித்தவர்களெல்லாம் தலையாட்டுவார்கள். பொய் சொல்கிறவனைவிட, அந்த உஸ்ஸுக்குத் தலையாட்டுகிறவர்களைக் கண்டால்தான் அவளுக்கு இளக்காரம்.

ஏழு வருடம் பொறுத்தாள். பிறகு பழைய வேன் ஒன்றை வாங்கி, தன் பேரையும் போன் நம்பரையும் அதில் எழுதவைத்தாள்.

முதல் மூன்று வாரமும் போன் வந்தது, வேலை வரவில்லை. “உங்க வீட்டுக்காரர்ட்ட குடுங்கம்மா, ஏர்கோன் விஷயம்,” என்பார்கள். “அவரு லாரி ஓட்டப் போயிருக்காரு. ஏர்கோனுக்கு நான்தான்,” என்றால் உடனே போனை வைத்துவிடுவார்கள். ‘வேர்த்தே கிடங்க,’ என்று மனசுக்குள் வாழ்த்திவிட்டு அடுத்த போனுக்குக் காத்திருப்பாள்.

நான்காவது வாரம் ஈப்போவுக்குப் பக்கத்து லகாட்டிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை பூமணி கூப்பிட்டார். கதவைத் திறந்ததும் பிரமிளாவின் தோளைத் தாண்டி வேனுக்குள் பார்த்தார்.

“ஆள் எங்கை?”

“நான்தான் டீச்சர்.”

டீச்சர் அவள் காலைப் பார்த்தார். உள்ளே போய்ப் பழைய பேப்பர்களை எடுத்துவந்து, வாசலிலிருந்து படுக்கையறை வரை வரிசையாக விரித்தார். பிரமிளா அதன்மேல் நடந்துபோனாள். தண்ணீர் தெறிக்காமல் இருக்கத் தன் கேன்வாசைச் சுற்றிக் கட்டி, ஏர்கோனைக் கழுவினாள். தார் மாதிரி கறுப்பாகத் தண்ணீர் இறங்கியது. கடைசியில் மீட்டர் வைத்துப் பார்த்தாள்.

“கேஸ் சரியா இருக்கு டீச்சர். அழுக்குதான் அடச்சிருந்துச்சு.”

“ஜெயபாலன் ஒவ்வொரு முறையும் கேஸ் போடுறவர். உமக்குப் போடத் தெரியாட்டி தெரியாதெண்டு சொல்லும்.”

இதைச் சொல்லும்போது அறை குளிர்ந்து, டீச்சர் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டிருந்தார்.

“குளிருதுல்ல? ஓட்ட இருந்தாத்தான் கேஸ் குறையும். உங்களுதுல ஓட்ட இல்ல.”

டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவளை உற்றுப் பார்த்தார். “பொறும். போன வருசம் அவரோட வந்தது நீர்தானே? சிலிண்டர் தூக்கிக்கொண்டு வந்தனீர். அப்ப போட்டது என்ன?”

‘அப்போ குறைஞ்சிருந்துச்சு டீச்சர்.’ பதில் நாக்கு நுனியில் தயாராக நின்றது. ஜெயபாலனாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பான். அவனுடைய வாய் தனக்கும் ஒட்டிக்கொண்டதே என்று பிரமிளாவுக்கு அருவருப்பாக இருந்தது.

“அது காலி சிலிண்டர் டீச்சர். உங்க கேசையே வெளிய விட்டுக் காட்டுனாரு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் தூக்கிட்டு வந்தேன்.”

“கள்ளி!” டீச்சர் வாசல் பக்கம் கையை நீட்டினார். “வெளியில போம். உம்மைப் பற்றி எல்லாருக்கும் சொல்லுறன்.”

வேனில் உட்கார்ந்த பிறகும் பிரமிளா சாவியைத் திருகவில்லை. கள்ளி என்றது அவளுக்கு உறைக்கவில்லை. ஏழு வருடமாக யாரைப் பார்த்து இளக்காரப்பட்டாளோ, அவர்களுக்காவது விஷயம் தெரியாது. அவள் தெரிந்தே தூக்கியவள். கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

டீச்சர் சொன்ன சொல் தவறவில்லை. கோயிலில் சொன்னார், சாவு வீட்டில் சொன்னார், வாட்ஸ்அப்பிலும் போட்டார். ஆனால் ஊர்வாய்க்கு அவரைவிடப் புத்தி அதிகம். கள்ளியை வழியிலேயே போட்டுவிட்டுக் காலி சிலிண்டரை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடியது. ஒரே வாரத்தில் பிரமிளாவின் போன் ஓயாமல் அடித்தது. யாரும் வீட்டுக்காரரைக் கேட்கவில்லை.

ஜெயபாலனும் கூப்பிட்டான். “என் பேரக் கெடுத்துட்டியே!”

“உங்களுக்குப் பேரு இருந்துச்சா அண்ணே?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

பூமணி டீச்சரின் பக்கத்து வீட்டுத் திருக்குமரன் ஒரு காலத்தில் பெரிய அரசாங்க அதிகாரி. தன் வீட்டில் அவள் வேலை செய்த நேரமெல்லாம் பக்கத்திலேயே நின்றார்.

“எங்கட வீட்டிலயும் காலிதானோ?”

“ஆமா அங்கிள். நாலு தடவ தூக்கியாந்திருக்கேன்.”

“நான் அப்பவே நினைச்சனான்!”

அவள் போன வீடுகளிலெல்லாம் அப்பவே நினைத்தவர்கள்தான் இருந்தார்கள். ஏமாந்தேன் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

“பொம்பிளைப் பிள்ளைதானே, கூலியைக் கொஞ்சம் குறைக்கலாமே?” என்றார் திருக்குமரன்.

“பொம்பள கழுவுனா அழுக்கு குறைச்சலா இருக்குமா அங்கிள்?”

அவர் பேச்சை மாற்றினார். பூமணி டீச்சர் இன்னும் ஜெயபாலனைத்தான் கூப்பிடுகிறாராம். காலி இல்லை என்று காட்டுவதற்காகப் புது சிலிண்டரைக் கொண்டுவந்து, நிறைந்திருந்த ஏர்கோனுக்குள் மேலும் கேசை அடைத்திருக்கிறான். கம்ப்ரசர் செத்துவிட்டது. இப்போது டீச்சர் புதுசு வாங்க, அதையும் அவனே மாட்டப் போகிறானாம்.

“நீர் ஒருக்காப் போய்ச் சொல்லக்கூடாதோ?”

“சொல்லியாச்சு அங்கிள். நான் ஒரு தடவதான் சொல்லுவேன்,” என்று தண்ணீர்க் குழாயைக் கையில் எடுத்தாள். “அந்த சோபாவ அந்தப் பக்கம் தள்ளுங்க. தெறிக்கும்.”