முதுகில் ஒரு வெள்ளிக்கோடு

அலமாரியின் மேல்தட்டில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள் தையல்காரி. முன்னறையில் அவள் கணவரின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். மயான வண்டி வர இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. பூக்களை வைத்துவிட்டுப் பின்னாலேயே வந்த அருங்காட்சியகக் காப்பாளர் வாசலோரம் நெளிந்துகொண்டு நின்றார்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதுக்கா. சாரோட அந்த ஒத்தக்கோட்டுப் பூச்சி... எங்க மியூசியம் பட்டியல் இன்னைக்கு அச்சுக்குப் போகுது. ஒரு போட்டோ எடுத்துக்கிட்டாப் போதும்."

வீடு வீடாக மீட்டர் பார்த்து எழுதுவது கணவரின் வேலை. மனசு முழுக்கப் பருந்து அந்துப்பூச்சி. அதில் இரண்டு வகை, அச்சில் வார்த்தது போல ஒன்றாகவே இருக்கும். இறக்கையை வைத்துப் பிரிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். முதுகைப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கோடு இரண்டு ஓடினால் தெருவிளக்குக்குத் தெருவிளக்கு கிடைக்கிற சாதாரணம். ஒன்றே ஓடினால் இந்தப் பக்கம் யாருமே பார்த்திராதது. அவர் பிடித்தது ஒற்றைக்கோடு. முதலில் கண்டவர் என்று பட்டியலில் தன் பெயர் வரப்போவதைச் சொல்லிச் சொல்லியே ஆஸ்பத்திரி நாட்களை ஓட்டினார்.

போன மாதம், "எனக்குக் கண்ணு மங்கலா இருக்கு, நீயும் ஒரு தடவை பாரேன்" என்றார்.

"தைக்க வேண்டியது மலையாக் கெடக்கு. உங்க பூச்சிக்கு நான்தான் கெடைச்சேனா?" என்று எரிந்து விழுந்திருந்தாள். கடைசி வரை பார்க்கவேயில்லை.

பூச்சிப் பெட்டி கிடைத்தது. ஜன்னலோரம் வைத்து, அவருடைய லென்ஸைப் பிடித்தாள். கோடு ஒன்றுதான். ஆனால் கொஞ்சம் அகலம். இரட்டைத் தையலைத் தள்ளி நின்று பார்ப்பது போல இருந்தது. பெட்டியைச் சாய்த்தாள். நடுவிலிருந்த கருஞ்செதில் உதிர்ந்து வெளுத்துப் போயிருந்தது. வால் பக்கம் மட்டும் உதிராத கறுப்பு, மயிரிழையாக, வெள்ளியை இரண்டாகப் பிரித்தது.

"தம்பி, இது ரெண்டு கோடு."

காப்பாளர் லென்ஸை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"போட்டோவுல தெரியாதுக்கா. யாரும் கேக்கவும் மாட்டாங்க. இருந்துட்டுப் போகட்டுமே."

அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஒரே ஒரு வரி. யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் அடுத்தவர் பூச்சிப் பெட்டியில் தப்பான பெயர்ச்சீட்டைப் பார்த்துவிட்டு இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்த மனுஷன் அவர்.

"வேண்டாம் தம்பி. எந்திரிச்சு வந்து என்னைத் திட்டுவாரு."

காப்பாளர் சிரிக்கப் போய், மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

கணவர் தன் பெயர் போட்டு எழுதியிருந்த சீட்டை, பூச்சியைக் குத்தியிருந்த ஊசியிலிருந்து உருவப் போனாள் அவள்.

"அதை எடுக்கக் கூடாதுக்கா. தப்பானாலும் பழசு அப்படியே இருக்கணும். திருத்தின சீட்டை அதே ஊசியில, அதுக்குக் கீழ குத்துறதுதான் வழக்கம். பாத்துச் சொன்னவங்க பேரையும் போடணும்."

வாசலில் வண்டி வந்து நின்றது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

"இதோ வரேன்" என்றாள்.

நகத்தளவு சீட்டில் பொடி எழுத்தில் இரட்டைக்கோடு என்று எழுதி, தேதியைப் போட்டு, தன் பெயரையும் எழுதினாள். பூச்சியை ஊசியோடு பெயர்த்தெடுத்து, சீட்டை அடியிலிருந்து கோத்து, கணவரின் பெயரைத் தொடும்வரை மெல்ல மேலே தள்ளினாள்.