ஏழாம் நம்பர் குடில்

ஐஸ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு யாரோ அந்த இடத்தில் செல்போன் சார்ஜரைச் செருகியிருந்தார்கள். எத்திராஜ் கண்ணில் அது பட்டுவிட்டது.

"யார்ரா இது? உள்ள ஒரு மனுஷி படுத்துனு இருக்கா. உங்களுக்கு இப்போ சார்ஜு கேக்குதா?"

கூடத்தில் உட்கார்ந்திருந்த சொந்தபந்தம் எல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. சமையலறையிலிருந்து மகள் சங்கமித்ரா ஓடி வந்தாள்.

"நான்தாம்பா. அது அம்மா போனு. காலைலேர்ந்து மெசேஜ் வந்துனே இருக்குது, ஆஃப் ஆயிடும்னு போட்டேன்."

"போட்டா வேற எடத்துல போடு."

பிளக்கை அவரே செருகினார். பெட்டி ஒருமுறை குலுங்கிவிட்டு மீண்டும் ஓட ஆரம்பித்தது. கண்ணாடிக்குள் வள்ளியம்மா வெள்ளைப் புடவையில், வகுப்பில் பிள்ளைகள் அமைதியாகும்வரை காத்திருக்கும் டீச்சர் மாதிரி, உதட்டை அழுத்தி மூடிக்கொண்டு படுத்திருந்தாள். தலைமாட்டில் புத்தர் படம், அதன் முன்னால் இரண்டு மெழுகுவர்த்தி.

விடிந்ததிலிருந்து எத்திராஜ் குறை சொல்லிக்கொண்டேதான் இருந்தார். ஷாமியானாவில் ஓட்டை, வெயில் நேராக ஜனங்களின் மண்டையில் இறங்குகிறது. மாலையில் பாதி ரோஜா வாடல். டீ கழனித்தண்ணி. பெங்களூர் மர்பி டவுனில் இதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. முப்பத்துநாலு வருஷம் சிட்டி பஸ் ஓட்டியவர், ஹாரனைவிட வாயை அதிகம் அடித்தவர் என்று பெயர் வாங்கியிருந்தார்.

ஆனால் இன்றைக்கு அவர் போட்ட சத்தத்துக்குக் காரணம் வேறு. நேற்று சாப்பிடும்போது அவர் வள்ளியம்மாவிடம் கடைசியாகச் சொன்னது, "ரசத்துல உப்பு இல்ல." அவள் சிரித்துக்கொண்டே உப்பு ஜாடியை நகர்த்தினாள். தட்டுகளைக் கழுவினாள், படுத்தாள், காலையில் எழுந்திருக்கவில்லை. அறுபத்துமூன்று வயது. நோய் நொடி என்று ஒருநாள் படுக்காமல் தூக்கத்திலேயே போனது கொடுப்பினை என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். சொல்வார்கள். உப்பைப் பற்றிப் பேசி அனுப்பிவைத்தவனுக்கல்லவா தெரியும்! நாற்பது வருஷத்தில் நல்லதாக ஒரு வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை. காது நிறைய குறையை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள் என்பது அவரை அரித்துக்கொண்டிருந்தது.

வள்ளியம்மா அல்சூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் இங்கிலீஷ் டீச்சர். ஓய்வு பெற்ற மறுமாதமே ஒரு வேலை தேடி வந்தது. நடுக்கடலில் ஒரு துளித் தீவு, சுற்றுலா வருகிறவர்கள் தங்கும் குடில்கள். அங்கே அறை பெருக்குகிறவர்கள், பரிமாறுகிறவர்கள், படகு ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்க வேண்டும். "நான் போறேன்" என்றாள். போயே போய்விட்டாள், மூன்று வருஷம். "நீயும் வாயேன்" என்று கூப்பிட்டபோது, "பஸ்ஸுக்கு பிரேக் இருக்குது. படகுக்கு இருக்குதா?" என்று கேட்டுவிட்டு இவர் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

திரும்பி வந்து இந்த இரண்டு வருஷமும் சனிக்கிழமை மூன்று மணிக்குப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனிலேயே அவர்களுக்குப் பாடம் எடுத்தாள். உள்ளேயிருந்து ஒரே சிரிப்பு. அவளுடைய சிரிப்புதான் உரக்கக் கேட்கும். தன்னோடு இருக்கும்போது அவள் அப்படிச் சிரித்து எத்திராஜ் பார்த்ததில்லை. என்ன சிரிப்பு என்று கேட்க ஆசைதான், ரோஷம் விடவில்லை. "கதவ சாத்துனா காத்து வராது" என்று மட்டும் சொல்வார்.

இன்றைக்கும் சனிக்கிழமை. சரியாக மூன்று மணிக்கு ஜன்னலில் இருந்த வள்ளியம்மாவின் போன் அடித்தது.

சங்கமித்ரா எடுத்துப் பேசினாள். எதிர்வீட்டு ரத்தினம்மாள் ஒப்பாரியைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "இன்னாம்மா இது, சாவு வூட்டுல வீடியோ காலு? நாலு மணிக்கு கல்பள்ளி சுடுகாட்டுல இருக்கணும், ஞாபகம் இருக்குதா?"

"அம்மாகிட்ட படிக்கிறவங்கோ, ஆன்ட்டி. கிளாஸ் இல்ல, அம்மா போயிட்டாங்கன்னு காலைலயே சொல்லிட்டேன்." அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "ப்பா, உன்னத்தான் கேக்குறாங்கோ."

"என்னியா? அவுங்கள எனுக்குத் தெரியாதே."

"அவுங்களுக்கு உன்னத் தெரியுமாம்."

போனை வாங்கிப் பார்த்தார். சீருடையில் பதினோரு பேர் வரிசையாக நின்றார்கள். பின்னால் கடல், பெயின்ட் அடித்த சுவர்போல அப்படி ஒரு நீலம்.

"குட் ஆஃப்டர்நூன், மிஸ்டர் எத்திராஜ்!" பதினோரு குரலும் ஒன்றாக வந்தன.

டிப்போவில் மெமோ கொடுக்கும்போது தவிர அவரை யாரும் மிஸ்டர் போட்டு அழைத்ததில்லை. அவர் மரியாதையாக வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

நடுவில் நின்ற நேபாளத்துக்காரர் தன் பெயர் உமேஷ் என்றார். நிறுத்தி நிறுத்தி இங்கிலீஷில் பேசினார். பாதி எத்திராஜுக்கே விளங்கியது, மீதியைச் சங்கமித்ரா தமிழில் சொன்னாள். "சார், சாவு வீட்டில் என்ன பேச வேண்டும் என்று மேடம் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. விருந்தாளியைப் பார்த்துக்கொள்ள மட்டும்தான் சொல்லித்தந்தார். காலையிலிருந்து யோசித்தோம். எங்களுக்குத் தெரிந்ததையே செய்கிறோம். பத்து நிமிடம் கொடுங்கள்."

எத்திராஜ் தலையாட்டி வைத்தார். வரிசையிலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். ஸ்னேஹா, அறைகளைச் சுத்தம் செய்பவள்.

"மிஸ்டர் எத்திராஜ், உங்கள் குடிலில் ஃபேனை மூன்றில் வைத்திருக்கிறேன். நாலில் வைத்தால் சத்தம் என்பீர்கள், இரண்டில் வைத்தால் புழுக்கம் என்பீர்கள். தலையணை ஒன்றுதான். இரண்டாவது வைத்தால் தூக்கிப் போடுவீர்கள்."

ரத்தினம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "அய்யே, நம்ம அண்ணன அப்டியே சொல்லுது பாரேன் அந்தப் பொண்ணு!"

அடுத்து படகோட்டி. "மிஸ்டர் எத்திராஜ், என் படகுக்கு பிரேக் இல்லை, மன்னிக்க வேண்டும். நீங்கள் என் பக்கத்தில் உட்காருங்கள். நான் ஓட்டுவது தப்பு என்று கரை வரைக்கும் சொல்லிக்கொண்டே வரலாம்."

கூடத்தில் யாரோ கிளுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். எத்திராஜுக்கு முகம் சிவந்தது. அதற்குள் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் வந்து நின்றார், பரிமாறுகிறவர்.

"சூப்பில் உப்பு இல்லை என்று சொல்வீர்கள், சார். அதனால் உப்பு ஜாடியை முன்பே உங்கள் வலது கைப்பக்கம் வைத்துவிடுவேன். 'மிஸ்டர் எத்திராஜ் சாப்பாட்டைத் திட்டினால் பயப்படாதீர்கள், அவர் உடம்பு நன்றாக இருக்கிறது, மனசு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். திட்டாமல் சாப்பிட்டால்தான் ஓடி வந்து என்னிடம் சொல்லுங்கள்' என்று மேடம் போர்டிலேயே எழுதிப் போட்டார்."

சங்கமித்ரா இதைத் தமிழில் சொல்லி முடித்தாள். எத்திராஜ், "இன்னொருவாட்டி சொல்லு" என்றார். அவள் இன்னொருமுறை சொன்னாள்.

உமேஷ் விளக்கினார். பேசிப் பழக ஒரு கஷ்டமான விருந்தாளி வேண்டும் என்றாராம் மேடம். ஏழாம் நம்பர் குடில், மிஸ்டர் எத்திராஜ், ஊர் பெங்களூர். ஐந்து வருஷமாகப் பாடத்தில் அவர்களுக்கு வேறு விருந்தாளியே கிடையாது. "உங்களைச் சமாளித்த பிறகு, நிஜமாக வருகிறவர்கள் எல்லாம் ரொம்ப நல்லவர்கள், சார்."

"எனக்குப் பதிலா யாரு பேசுவாங்கோ?" எத்திராஜ் கேட்டார்.

"மேடம்தான்! இப்படி." உமேஷ் கையைப் பின்னால் கட்டினார், தாடையைத் தூக்கினார், மூன்றுமுறை தொண்டையைச் செருமிக்கொண்டு, காலை அகட்டி நாலு எட்டு நடந்தார்.

அவ்வளவுதான், வீடே சிரித்துவிட்டது. ரத்தினம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஷாமியானாவில் இருந்தவர்கள் என்ன ஏதென்று வாசலில் வந்து மொய்த்தார்கள். சங்கமித்ரா சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

"நான் இப்டியா செருமுறேன்?"

"ஆமாம்பா. அச்சு அசல்."

சாத்திய கதவுக்குப் பின்னால் கேட்ட சிரிப்பெல்லாம் இதுதானா! கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் கடலைத் தாண்டமாட்டேன் என்று உட்கார்ந்திருந்த மனுஷனை, அவருக்கே தெரியாமல் கூட்டிக்கொண்டு போய் ஒரு குடிலில் தங்கவைத்து, பதினோரு பேரை வைத்து ஐந்து வருஷம் உபசாரம் பண்ணியிருக்கிறாள். எத்திராஜுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவ்வளவு சந்தோஷத்தை இன்றைக்குப் போய் எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

உமேஷ் சட்டையை இழுத்துவிட்டு நேராக நின்றார்.

"கடைசியாக ஒன்று, சார். விருந்தாளி யாராக இருந்தாலும் இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். எனி கம்ப்ளைண்ட், மிஸ்டர் எத்திராஜ்?"

இதற்குத் தமிழ் தேவைப்படவில்லை. எத்திராஜ் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். குறைக்கா பஞ்சம்? ஒரு வார்த்தை சொல்லாமல் போனாளே, அதைவிடப் பெரிய குறை உண்டா? எல்லாம் தொண்டைவரை வந்தன. மூன்றுமுறை செருமினார்.

"நோ" என்றார். பிறகு, "நோ கம்ப்ளைண்ட்."

அடுத்த நொடி பதினோரு பேரும் ஓவென்று கத்தினார்கள். தொப்பி பறந்தது. ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். படகோட்டி சீருடையோடு போய்க் கடலில் விழுந்தார்.

எத்திராஜ் பதறிப்போனார். "இன்னா ஆச்சு? தப்பா சொல்ட்டனா?"

உமேஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னதைச் சங்கமித்ரா மெதுவாகச் சொன்னாள். "உன் வாயிலேர்ந்து இந்த ஒரு வார்த்தய வரவச்சாத்தான் பாஸுன்னு அம்மா சொல்லிருந்தாங்களாம்ப்பா. அஞ்சு வருஷமா ஒருத்தரையும் பாஸ் பண்ணலியாம். கேட்டா, 'நாப்பது வருஷமா நானே இன்னும் பாஸ் ஆவல'ம்பாங்களாம்."

எத்திராஜ் பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். கண்ணாடி சில்லென்று இருந்தது.

உள்ளே எழுந்த கூச்சலைக் கேட்டு, எடுத்துவிட்டார்கள் என்று நினைத்த பேண்டு செட்டுக்காரர்கள் வாசலில் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். இன்னும் கால்மணி நேரம் இருந்தது. ரத்தினம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கூடமே எத்திராஜின் வாயைப் பார்த்தது.

அவர் வாசலுக்குப் போனார்.

"இன்னாடா ஊதுறீங்கோ, காத்துதான் வருது! சாப்டீங்களா இல்லியா? நல்லா ஊதுங்கடா, தூரத்துல கேக்கணும்!"

பேண்டுக்காரர்கள் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினார்கள். எத்திராஜ், அவர்களும் பார்க்கட்டும் என்று, அணைக்காமலே போனைச் சட்டைப் பையில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, உள்ளே வந்து தலைமாட்டுப் பக்கம் நின்றார். வெள்ளைச் சட்டையின் மெல்லிய துணிக்குள் நீலமாக வெளிச்சம் தெரிந்தது.