தங்கத்தாயின் இடக்கைக் கட்டு

பீடிக்கடை செக்கர் பலவேசத்துக்குத் தன் கண்மேல் அப்படி ஒரு கர்வம். கட்டைக் கையில் வாங்கினால் போதும், சுற்றியது யார் என்று ஆளைப் பார்க்காமலே சொல்லிவிடுவார். அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர்களில் அதற்காக அவருக்குப் பெயர் உண்டு. வேறு பெயர்களும் உண்டு. ஒரு கட்டில் நாலு பீடி தொளதொளத்தால் முழுக்கட்டையும் கழிவில் கொட்டுகிற மனுஷனைப் பெண்கள் எப்படி வாழ்த்துவார்கள்?

அவரால் குறை சொல்ல முடியாதது தங்கத்தாயின் கட்டு ஒன்றுதான். அவள் இடக்கைக்காரி. மற்றவர்கள் பீடியில் நூல் ஒரு பக்கமாகச் சுற்றியிருக்கும், அவளுடையதில் எதிர்ப்பக்கம். ஒரு கட்டு அவிழ்ந்ததாகச் சரித்திரமே கிடையாது.

அவள் புருஷன் லாரி ஓட்டியவன், தொண்ணூற்றாறு ஐப்பசியில் செத்துப்போனான். இரண்டு பேருக்கும் ரத்தம் பார்த்த சீட்டைக் கொழுந்தன் படித்துவிட்டுத் தெருவெல்லாம் பரப்பினான். எய்ட்ஸ். அதன் பிறகு குழாயடியில் அவள் குடத்துக்குப் பின்னால் குடம் வைக்க ஆளில்லை.

முதலாளி பலவேசத்தைக் கூப்பிட்டு, “வாயில வைக்கிற சாமான் வே” என்றார். அவ்வளவுதான். இலையும் தூளும் வாங்கக் காட்டுகிற தங்கத்தாயின் பீடி அட்டையைப் பலவேசம் வாங்கி மேஜைக்குள் போட்டுப் பூட்டினார். பீடியை விட்டால் அவளுக்கும் மகளுக்கும் கஞ்சிக்கு வேறு வழி கிடையாது. அது தெரிந்துதான் பூட்டினார்.

பத்து நாள் கழித்து, அவள் பக்கத்து வீட்டு முத்துராணி கொண்டுவந்த கட்டுகளில் பாதியில் நூல் எதிர்ப்பக்கம் போயிருந்தது.

“ஏளா, இது ஓன் கை இல்லையே.”

“ஆமா, அவ கைதான். ரெண்டு பேரும் ஒரே சொளவுல எலையும் தூளும் வச்சுத்தான் சுத்துதோம். தொட்டா ஒட்டாதுன்னு ரேடியோவுல தெனமும் சொல்லுதான் அண்ணாச்சி. உங்களுக்குக் கண்ணு மட்டுந்தான், காது கெடையாது.”

“இன்னொருக்க இது வந்துச்சுன்னா ஓன் அட்டையும் உள்ள போயிரும்.”

முத்துராணி காலிச் சொளவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

நாலாம் நாள் ஆறு பெண்கள் சேர்ந்து வந்தார்கள். முன்னால் முத்துராணி, பின்னால் சாலோமி, ஜனாபா, இன்னும் மூன்று பேர். விரல்களில் துணி சுற்றியிருந்தது. எல்லாச் சொளவையும் மேஜைமேல் கவிழ்த்துக் கட்டுகளைக் கலந்தார்கள். அத்தனை பீடியிலும் நூல் எதிர்ப்பக்கம்.

“எல்லாரும் கையை மாத்திட்டோம் அண்ணாச்சி. இதுல அவ கை எதுன்னு நீங்களே சொல்லுங்க” என்றாள் முத்துராணி.

பாவம், கை நாலு நாளில் பழகுமா? கட்டெல்லாம் தொளதொள. கொட்டினால் ஆறு வீட்டு அடுப்பும் அணையும். நடுவில் ஒரே ஒரு கட்டு மட்டும் கச்சிதமாக, அடித்து வைத்த ஆணி மாதிரி நின்றது. பலவேசத்துக்கு அது பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது அவர்களுக்கும் தெரிந்தது. ஆனாலும் ஒருத்தியும் நகரவில்லை.

தொழில் சுத்தம் ஒன்றைத்தான் இவர்கள் இத்தனை வருஷமாக அவரிடம் காப்பாற்றி வந்தார்கள். அதையே ஒருத்திக்காகக் கெடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். பலவேசத்துக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து கும்பிடலாமா என்றுகூட இருந்தது.

கச்சிதமான கட்டிலிருந்து ஒரு பீடியை உருவிப் பற்றவைத்தார். நிதானமாக இழுத்தார்.

“இது ஒண்ணுதான் ஒழுங்கான கட்டு. மத்ததைப் பூராம் பிரிச்சு, சோத்தாங்கையால கட்டிக்கிட்டு வாங்க. எதையும் கழிக்கலை.” பூட்டைத் திறந்து அட்டையை எடுத்தார். “நாளையிலேருந்து அவளையே கொண்டாந்து குடுக்கச் சொல்லு.”

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த முதலாளி திகைத்துப்போனார். “வே பலவேசம், அது யாரு சுத்துனதுன்னு தெரியுமாவே?”

“தெரியும் மொதலாளி” என்றார் பலவேசம். “வாயிலதான் வச்சிருக்கேன்.”

அட்டையை முத்துராணி வாங்கிக்கொண்டாள்.