பத்தாவது ஆள்

என் அண்ணனுக்கு நான் வைத்த பெயர் அடிக்குறிப்பு. முட்டையை எவ்வளவு நேரம் வேகவைக்கலாம் என்று கேட்டால்கூட, "இதுல ரெண்டு கருத்து இருக்கு" என்றுதான் ஆரம்பிப்பான். குடியேற்றச் சட்டத்தில் எதையெதைத் திருத்தலாம் என்று ஆராய்ந்து அரசாங்கத்துக்குச் சொல்கிற மையம் ஒன்றில் அவனுக்கு வேலை. மையத்துக்குப் படியளப்பது ஓர் அறக்கட்டளை. பெயிண்ட் விற்றுப் பணக்காரர்களான குடும்பம் ஒன்று, மூன்றாவது தலைமுறையில் மனம் இளகி ஆரம்பித்தது. "ஏட்டுச் சுரைக்காய்க்கும் காசு குடுக்க ஆள் இருக்கு பாரு" என்று சீண்டுவேன். அவன் சிரித்துக்கொள்வான்.

ஆனால் கடைசியாக அவன் எழுத எடுத்துக்கொண்டது எங்கள் கதையைத்தான். என் கணவர் வேலை விசாவில் இந்த நாட்டுக்கு வந்தவர். கூப்பிட்ட கம்பெனி மூடிக்கொண்டது, விசாவும் முடிந்துபோனது. அதன்பிறகுதான் எங்கள் கல்யாணம். எனக்குக் குடியுரிமை உண்டு, ஆனால் அதனால் அவருக்கு ஒரு பிரயோசனமும் கிடையாது. அவர் நாட்டைவிட்டு வெளியே போய்த்தான் மனைவியின் பேரில் விண்ணப்பிக்க வேண்டும். போனாலோ, இத்தனை நாள் விசா இல்லாமல் இருந்த குற்றத்துக்காகப் பத்து வருடம் திரும்பி வரக்கூடாது. வெளியே போய்க் கதவைத் தட்டு, தட்டினால் திறக்க மாட்டேன் என்கிற சட்டம் இது. எந்தப் புத்திசாலி எழுதினானோ!

அந்த ஒரு விதியை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் அண்ணனின் அறிக்கை. இப்படிப்பட்டவர்கள் எங்கெங்கே வேலை செய்கிறார்கள், அவர்கள் இல்லாவிட்டால் ஊரில் எதெல்லாம் நின்றுபோகும் என்று ஆள் ஆளாகப் பார்த்துக் கேட்டுச் சேர்த்தான். ஊரின் வரைபடத்தில் தெருத் தெருவாகப் புள்ளி வைத்தான். யாருக்கும் ஆபத்து வந்துவிடக்கூடாதே என்று அவனே ஒரு விதியும் வைத்திருந்தான். ஒரு தெருவில் பத்துப் பேராவது பதில் சொல்லியிருந்தால்தான் புள்ளி. அதற்குக் குறைந்தால் ஆள் இன்னார் என்று மோப்பம் பிடித்துவிடலாம் அல்லவா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவன், தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன மச்சான், உப்பு கூடிப்போச்சா?" என்று என் கணவர் கேட்டார்.

"இல்ல மாப்பிள்ளை. அறக்கட்டளை மேடம் வரைபடத்தைப் பாத்தாங்க. சலவைத் தெரு காலியா இருக்கேன்னு கேக்குறாங்க. அந்தத் தெரு இல்லாம இந்த வரைபடத்துல உயிரே இல்லைங்கறாங்க. ஒன்பது பேர்தான் பதில் சொன்னாங்க. மத்தவங்க பயந்துட்டாங்க."

ஊரிலுள்ள ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் வெளுக்கப்படுவது அந்தத் தெருவில்தான். எந்நேரமும் சுவர் ஓட்டைகளிலிருந்து ஆவி வந்தபடியே இருக்கும். அங்கே நீராவி இஸ்திரி போடுவதுதான் என் கணவரின் வேலை. முன்கை இரண்டிலும் சூடுபட்ட தழும்புகள்.

"வேணாம்" என்றேன், கேட்பதற்கு முன்பே.

"பேரு எங்கேயும் வராது பாப்பா. சத்தியமா."

முப்பத்தெட்டு வயதிலும் அவனுக்கு நான் பாப்பா. காரியம் ஆக வேண்டும் என்றால் இன்னும் கொஞ்சம் பாப்பா.

"நமக்காகத்தானே எழுதுறாரு" என்றார் என் கணவர். "ஒரு ஆள் குறையுதுன்னா நான் இருக்கேன்ல. கேளுங்க மச்சான்."

அவர் ஒரு வாயில்லாப் பூச்சி. அன்றைக்கென்று வாய் திறந்தார். தட்டுகளை ஒதுக்கிவிட்டு அண்ணன் கேட்கக் கேட்க அவர் பதில் சொன்னார். எதற்காக இங்கேயே இருக்க விரும்புகிறீர்கள் என்ற கேள்வி வந்ததும் என்னைக் காட்டி, "இதோ, இதுக்காகன்னு எழுதிக்குங்க" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன், அதை மறைப்பானேன்.

அறிக்கையை ஒரு பெரிய ஹோட்டலில் வெளியிட்டார்கள். மேசை விரிப்பின் மடிப்பைப் பார்த்ததுமே அது என் வீட்டுக்காரர் கைவேலை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மேடையின் பின்னால் வரைபடம் சுவர் அகலத்துக்குத் தொங்கியது. அறக்கட்டளை மேடம், கண்ணாடி போட்ட, நிதானமான பெண்மணி, அதன் முன்னால் நின்று, "இது ஊரின் இதயத்துடிப்பு" என்று பேசினார். சட்டம் மாறிவிடும், அவரும் என்னைப் போல் பகலில் பயமில்லாமல் பஸ் ஏறுவார், ஒரு குழந்தைகூட இனிமேல் வந்தால் வரட்டும் என்றெல்லாம் நினைத்துவிட்டேன்.

சட்டம் மாறவில்லை. இரண்டு மாதம் கழித்து, நட்டநடு வேலைநேரத்தில், சலவைத் தெருவின் இரண்டு முனைகளிலும் குடியேற்றத் துறையின் வண்டிகள் வந்து நின்றன. நான் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவருடைய சூப்பர்வைசர்தான் போன் செய்தார்.

"அவரைக் கூட்டிட்டுப் போயிட்டாங்கம்மா. மொத்தம் முப்பது பேருக்கு மேல. அதிகாரி கையில ஒரு வரைபடம் இருந்திச்சு. புள்ளி புள்ளியா. எங்க தெருமேல வட்டம் போட்டிருந்தாங்க."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். ஆள் தெரியக்கூடாது என்று அவ்வளவு கண்ணும் கருத்துமாக விதி வைத்தவர்களுக்கு, தெரு தெரிந்தால் போதும் என்பது மட்டும் தோன்றவே இல்லை. தெருவை இரண்டு பக்கமும் அடைத்துவிட்டால் பெயர் எதற்கு? இந்த ஊரில் எந்தத் திருடனிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். படித்தவர்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து யோசித்தும் வரவில்லை.

கடை உடுப்போடு அண்ணனின் மையத்துக்குப் போனேன். லிப்ட் கதவு திறந்ததும் கைதட்டல் கேட்டது. கண்ணாடி அறைக்குள் அறக்கட்டளை மேடம் இருந்தார். அரசாங்கமே தன் அறிவிப்பில் மையத்தின் அறிக்கையை மேற்கோள் காட்டியிருக்கிறதாம். மையத்தால் என்ன பலன் என்று அறக்கட்டளை வருடா வருடம் கேட்குமாம். அரசாங்கம் எடுத்துப் பயன்படுத்தினால் அதுதான் முதல்தரப் பலனாம். அடுத்த மூன்று வருடத்துக்கும் பணம் உறுதி என்று சொல்ல வந்திருந்தார். எந்த அறிவிப்பு, எதற்காக மேற்கோள் என்று அங்கே யாரும் இன்னும் படித்துப் பார்க்கவில்லை.

என் முகத்தைப் பார்த்ததும் அண்ணன் எழுந்துவிட்டான்.

"அவரைப் பிடிச்சிட்டாங்கண்ணா. உன் வரைபடத்தை வெச்சுதான் வந்திருக்காங்க."

அவன் நின்ற இடத்திலேயே மறுபடி உட்கார்ந்தான். மேடத்துக்கு எல்லாவற்றையும் நானே சொல்ல வேண்டியிருந்தது. "நீங்க கேட்ட தெருதான். அந்தப் பத்தாவது ஆள் என் வீட்டுக்காரர்" என்றேன். அந்த அம்மாள் அழுதார். நடிப்பில்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும், வாயாரத் திட்டியிருப்பேன்.

"வக்கீல் வெக்கணும். உங்களால உதவ முடியுமா?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க பணம் ஆராய்ச்சிக்கு மட்டும்தாங்க. தனி ஒருத்தர் வழக்குக்குக் குடுக்க விதியில்ல. நானே மாத்த நெனச்சாலும் முடியாது."

"அவரைப் பத்தி ஆராய்ச்சி பண்ண இருக்கு. அவரைக் காப்பாத்த இல்ல. அப்படித்தானே?"

மேடம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அண்ணன் தன் சேமிப்பைத் துடைத்தெடுத்து வக்கீல் வைத்தான். வேலையை விடுகிறேன் என்றான். சம்பளம் நின்றால் வக்கீலும் நின்றுவிடுவார் என்று நான்தான் தடுத்தேன். வழக்கு நடந்தது. தோற்றது. விதி தெளிவாக இருக்கிறது, நான் வருந்துகிறேன் என்றார் நீதிபதி. வருத்தப்படுவதில் இந்த ஊரில் ஒருவரும் குறைவைக்கவில்லை.

அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை பார்க்க விட்டார்கள். நடுவில் கண்ணாடி, இந்தப் பக்கம் ஒரு போன், அந்தப் பக்கம் ஒரு போன். இளைத்திருந்தார். முழுக்கைச் சட்டை கொடுத்திருந்தார்கள், தழும்புகள் தெரியவில்லை.

"மச்சானைத் திட்டாத. அவரு நல்லதுதான் நெனச்சாரு."

"நானும் உங்ககூட வந்துடறேங்க."

"எங்க வருவ? அங்க சண்டையில ஊரே காலியாயிடுச்சு. என்னையவே எந்த முகாம்ல வெப்பாங்கன்னு தெரியல."

காவலர் நேரமாகிவிட்டது என்று சைகை காட்டினார்.

"இங்க பாரு" என்றார். "பத்து வருஷம்ங்கறது சின்ன விஷயம் இல்ல. நீ காத்திருக்க வேணாம்."

"வாயை மூடுங்க. நான் இருப்பேன்" என்றேன்.

வெளியே காருக்குள் அண்ணன் உட்கார்ந்திருந்தான். நான் ஏறியதும், "என்ன சொன்னாரு?" என்று கேட்டான்.

"உன்னைத் திட்ட வேணாம்னாரு."

ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துத் தேம்பித் தேம்பி அழுதான். அவன் முதுகைத் தடவிக்கொடுக்க எனக்குக் கை எழவில்லை. அவர் கடைசியாகச் சொன்னதை அவனிடம் சொல்லவுமில்லை. இருப்பேன் என்று கண்ணாடி வழியாக அவர் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன். அது பொய்யா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.