அணைக்க முடியாத காந்தம்

1

இந்தக் கதையை எனக்குத் தந்தது ஒரு ஸ்பேனர். அதற்கு முதலில் நன்றி. [நன்றியுரையை முதலிலேயே சொல்வது முறையல்ல. ஓய்வு பெற்றவனுக்கு ஏது முறை?]

முதல் தொடக்கம்: "ஸ்வீடனின் தென்கோடியில், பனி கொட்டிய ஒரு காலையில்…" வேண்டாம். அன்று நல்ல வெயில்.

2

ரக்ன்ஹில்ட் எங்கள் துகள்முடுக்கி ஆய்வகத்துப் பொறியாளர். துகள் கற்றையை வளைத்துக் குவித்துக் குழாய்வழியே கொண்டுபோக எங்களிடம் மின்காந்தங்கள் இருந்தன. அவை ஊருக்கே ஆகும் மின்சாரத்தைக் குடிக்கும். சூடு தணிய ஓர் ஏரியையும் குடிக்கும். (சரி, பாதி ஏரி. சரி, ஒரு குளம்.) மின்சாரமும் தண்ணீரும் கேட்காத, எப்போதும் காந்தமாகவே இருக்கும் நிலைக்காந்தம் ஒன்றை அவள் ஆறு வருடம் பாடுபட்டு வடிவமைத்தாள். பாதுகாப்பு அதிகாரி சிக்ஸ்டன் கையெழுத்திட்டால் கற்றையின் புதிய பாதைக்கு அதுதான். இல்லையென்றால் பழைய கம்பிச்சுருள்களே, இன்னும் முப்பது வருடத்துக்கு.

3

சிக்ஸ்டன் ஏழடி உயரம். [ஐந்தரை.] மெயின் சுவிட்சை அணை, சிவப்பு விளக்கு போனதும் உள்ளே போ: இதுதான் அவன் பழக்கம். சோதிக்க வந்த அன்றும் அப்படியே செய்தான். அவளுடைய காந்தத்துக்குச் சுவிட்சே கிடையாது என்பது அவனுக்குத் தெரியும். அவன் கைக்குத் தெரியாது. விளக்கு அணைந்தது. காந்தம் அவனை அணைத்துக்கொண்டது. கையிலிருந்த ஸ்பேனர் பாய்ந்து அதில் ஒட்டியது, நடுவில் கையுறையோடு சுண்டுவிரல்.

அவன் கத்திய கத்தலில் டென்மார்க்கில் மாடுகள்…

(போதும். சிக்ஸ்டன் நான்தான். உயரத்தையாவது கூட்டிக்கொள்ளலாம் என்று பார்த்தேன்.)

ரக்ன்ஹில்ட் மர ஆப்போடு ஓடிவந்து நெம்பினாள்.

"விரலை ஆட்டிக் காட்டு."

"உன் காந்தத்துக்கு ஒண்ணும் ஆகலையே?"

"அது கெடக்குது. நீ ஆட்டு மொதல்ல."

ஆட்டினேன்.

"எங்களுக்கெல்லாம் பாதுகாப்புப் பாடம் எடுத்தவன் நீதானப்பா?" என்றாள். சிரிக்கவில்லை. எவ்வளவு பெரிய மனசு!

4

படிவத்தில் ஒரே கேள்வி: அணைத்தபின் பாதுகாப்பானதா?

முடிவு அ: "ஆம்." பொய்.

முடிவு ஆ: "இல்லை." உண்மை. அவளுடைய ஆறு வருடம் அத்தோடு போச்சு.

காப்பி நேரத்தில் ரக்ன்ஹில்டிடம் இதைச் சொன்னேன். ஏலக்காய் ரொட்டியைப் பிய்த்து எனக்குப் பாதி தந்தாள்.

"உண்மையவே எழுது சிக்ஸ்டன். விரல் உன்னுது."

கேள்வியே மின்காந்தத்துக்காக எழுதியது. இதை எங்கே போய் அணைப்பது? கேள்வியையே கோடு போட்டு அடித்துவிட்டேன். அந்த இடம் இப்போது காலி. அங்கே வரவேண்டிய சரியான கேள்வியை, வாசகரே, நீங்கள் எழுதுங்கள். அடியில் என் கையெழுத்தை முன்கூட்டியே போட்டுவிட்டேன். பாதுகாப்பு அதிகாரி செய்யவே கூடாத காரியம்.