எரிச்சல்

என் கற்றாழையில் பதினொரு மடல் இருந்தது. திங்கட்கிழமை எண்ணினேன், பத்து. வியாழக்கிழமை எண்ணினேன், எட்டு. செடி வளரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். தேயும் என்று யாரும் சொன்னதில்லை.

மடலை எல்லாமா எண்ணுவாய் என்று கேட்டால், ஆமாம், எண்ணுவேன். நான் ஓர் அலுவலகக் கேண்டீனில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறவள். வாரத்துக்கு ஒரு முறையாவது மணிக்கட்டில் எண்ணெய் தெறிக்கும். குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் கையைக் காட்டுவேன். வீட்டுக்கு வந்து ஒரு மடலை வெட்டி, மஞ்சள் பாலை வடியவிட்டுக் கழுவி, உள்ளே இருக்கும் சோற்றை வழித்துத் தடவுவேன். அப்போதுதான் எரிச்சல் அடங்கும். அந்தத் தொட்டிதான் எனக்கு மருந்துக்கடை.

முதலில் கீழ்வீட்டு பியூட்டி பார்லர்காரி மேல்தான் சந்தேகம் வந்தது. ஆனால் தொட்டி இருப்பது மூன்றாவது மாடி பால்கனியில், அதுவும் எங்கள் படுக்கையறை வழியாகத்தான் போக வேண்டும். அவளுக்கு எவ்வளவு பளபளப்பு இருந்தாலும் இறக்கை கிடையாது. வீட்டில் இருப்பது இரண்டே பேர். நான் வெட்டவில்லை.

"ஏங்க, என் கற்றாழையைத் தொட்டீங்களா?"

"நான் ஏன் தொடப்போறேன்? காத்துல ஒடிஞ்சிருக்கும்."

காற்று கத்தி வைத்து வெட்டுமா? என் கணவர் ஒரு சட்டைக் கம்பெனியில் இஸ்திரி மாஸ்டர். பொய் சொல்லும்போது பக்கத்தில் கிடக்கும் துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்துவிடுவார். அன்று ஈரத் துண்டை நாலாக மடித்து, பிரித்து, மறுபடி நாலாக மடித்தார்.

ஓர் ஆண்பிள்ளை கற்றாழையை எதற்குத் திருட வேண்டும்? தலையில் தடவலாம் என்றால் இவருக்கு அங்கே முடி இல்லை. முகத்தில் தடவும் ஆசையும் இதுவரை வந்ததில்லை. அப்படியென்றால் வேறு யாருடைய முடிக்கோ, வேறு யாருடைய முகத்துக்கோ போகிறது. இதில் இன்னொன்று வேறு. பத்து நாளாகச் சாப்பாட்டுக்கு ஸ்பூன் கேட்கிறார். "ஸ்பூன்ல சாப்பிட்டா டீசன்ட்டா இருக்கும்" என்றார். இருபத்திரண்டு வருஷம் என் எதிரில் கையால் பிசைந்து சாப்பிட்டவருக்கு இப்போது யாருக்காக டீசன்ட்?

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் அவருடைய பைக்குள் ஒரு காகிதச் சுருள் தெரிந்தது. தொட்டியில் ஏழு மடல். கேண்டீனில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு அவர் கம்பெனிக்குப் போனேன். வீட்டுச் சாவி கொடுக்க வேண்டும் என்றேன். காவலாளி உள்ளே விட்டார்.

இஸ்திரி அறைக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்தேன். மேஜைமேல் என் கற்றாழை பிளந்து கிடந்தது. பட்டன் தைக்கிற பெண் அவருடைய கையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாகத் தடவிக்கொண்டிருந்தாள். அவர் சிரித்துக்கொண்டு வேறு இருந்தார். கையும் களவுமாக என்பார்களே, எனக்கு இரண்டும் கண்ணெதிரிலேயே இருந்தன. கதவை உதைக்காத குறையாகத் திறந்தேன்.

"நல்லவேளை, வந்தீங்களா அண்ணி!" என்று அவள் எழுந்தாள். "நீங்களாவது சொல்லுங்க. அண்ணன் நான் சொன்னா கேக்கவே மாட்டேங்குறாரு."

அண்ணனாம். அதையும் நான் உடனே நம்பிவிடவில்லை. பிறகுதான் அவர் கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரல், நடுவிரல், கட்டைவிரல், மூன்றின் நுனியிலும் கொப்புளம். ஒன்று உடைந்து வெளுத்திருந்தது.

"என்ன இது?"

"ஒண்ணுமில்ல, லேசான சூடு. உனக்குத் தெரிஞ்சா கத்துவே. சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா பேக்கிங்குக்கு மாத்திடுவார். அதான்" என்றார்.

இஸ்திரி மாஸ்டர்கள் பெட்டியின் சூட்டைத் திருகு பார்த்து அறிவதில்லை. விரலை எச்சில் தொட்டு, பெட்டியின் அடியில் பட்டென்று வைத்து எடுப்பார்கள். சுர்ரென்று வரும் சத்தத்தில் கணக்குத் தெரிந்துவிடும். இவரும் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அப்படித்தான். ஒரு நாள்கூடச் சுட்டுக்கொண்டதில்லை.

"இப்பல்லாம் வெச்ச விரலை எடுக்கவே மாட்டேங்குறாரு அண்ணி. நாங்க கத்தினாத்தான் எடுக்குறாரு" என்றாள் பட்டன்காரி.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. இந்த ஸ்பூனுக்கும் காகிதச் சுருளுக்கும் நான் என்னென்ன கதை கட்டினேன்! அவள் உட்கார்ந்திருந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்து, மீதிக் கற்றாழைச் சோற்றை வழித்து நானே தடவினேன்.

"ரொம்ப எரியுதா?"

"சேச்சே. உன் செடி ராசியான செடி. போட்டா எரிச்சலே இல்ல."

"போடறதுக்கு முன்னாடி?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "முன்னாடியும் இல்ல" என்றார்.

என் கை நின்றுவிட்டது. பதினைந்து வருஷமாகக் கேண்டீன் அடுப்படியில் சூடு படுகிறவள் நான். எரியாத சூட்டை நான் பார்த்ததே இல்லை. ராசியான செடிகூட எரிந்த பிறகுதான் ஆற்றும். கொப்புளம் இல்லாத சுண்டுவிரலைப் பிடித்தேன். மேஜைக்கு அடியில், அவர் கண்ணில் படாமல், நகம் பதியும்வரை கிள்ளினேன். இன்னும் அழுத்திக் கிள்ளினேன்.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றார் அவர், என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. "திட்டறதா இருந்தா திட்டிடு."