நோபுவேயின் முன்பல்

தொமியேவின் முகத்தில் துக்கம் போதவில்லை. டோக்கியோவிலிருந்து தலை முதல் கால் வரை கறுப்பில் வந்திறங்கியிருந்த ஓவியர் குராமொச்சி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. தூரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் அந்த நாளை நெனச்சுக்கோங்கம்மா" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

"எந்த நாளை?"

"அதான்... ஆகஸ்ட் ஆறாந்தேதி."

"ஓ, அதுவா! நல்லவேளை ஞாபகப்படுத்தினீங்க தம்பி. மறந்தே போயிருப்பேன்."

கூட வந்திருந்த நினைவுக் குழுச் செயலாளர் மிதராய் அம்மாள் இருமலுக்கும் சிரிப்புக்கும் நடுவே ஏதோ ஒன்று செய்தாள். அணுகுண்டில் பிழைத்தவர்களை ஆளுயரத்துக்கு வரைந்து, பக்கத்திலேயே அவரவர் சாட்சியத்தையும் எழுதி மாட்டுவது அவளுடைய குழுவின் திட்டம். ஹிரோஷிமாவில் வெயில் ஏற ஏற இப்படிப்பட்ட குழுக்களும் முளைத்துவிடும். ஆகஸ்ட் முடிந்ததும் பிழைத்தவர்கள் மறுபடி வெறும் கிழங்களாகி, டிராமில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டு போவார்கள்.

தொமியே இதற்குச் சம்மதித்ததற்கு ஒரே காரணம் அவளுடைய தங்கை நோபுவே. வீட்டுப் பூஜை மாடத்தில் அப்பாவும் அம்மாவும் கல்யாணப் போட்டோவில் விறைப்பாக நிற்கிறார்கள். அந்தப் போட்டோ நகரத்தின் ஓரத்தில் கொய் என்ற பகுதியில் இருந்த அத்தை வீட்டில் கிடந்ததால் தப்பியது. நோபுவேயை எடுத்திருந்த ஒரே போட்டோ வீட்டோடு போயிற்று. மாடத்தில் அவளுக்குப் பெயர் எழுதிய சின்னப் பலகை மட்டும்தான். அந்த முகத்தைக் கண்ணால் பார்த்தவர்களில் இன்று உயிரோடிருப்பது தொமியே ஒருத்திதான். அவளும் எண்பதைத் தாண்டிவிட்டாள். அவள் கண்ணை மூடினால் நோபுவேயின் முகமும் இந்த உலகத்தில் இல்லாமல் போய்விடும். அந்தப் பயம்தான் அவளுக்கு. சாவைப் பற்றி அவளுக்கு அவ்வளவு கவலையில்லை.

நோபுவேயையும் வரையச் சொல்லிப் போன மாதமே மிதராயிடம் கேட்டாள். குழு கூடிப் பேசி, மிகுந்த வருத்தத்தோடு பதில் சொல்லியனுப்பியது. திட்டம் பிழைத்தவர்களுக்கு மட்டும்தானாம்.

"அப்போ செத்தவங்களுக்குத் தகுதி பத்தலைன்னு சொல்லு" என்றாள் தொமியே.

இப்போது மிதராய் கண்காட்சிக்கு அச்சடித்த அழைப்பிதழைப் பெருமையோடு நீட்டினாள். அட்டையில், குராமொச்சி முதல் அமர்விலேயே வரைந்து முடித்திருந்த தொமியேவின் வலது முன்கை. அதில் நீளமாக ஒரு தழும்பு. கீழே 'அன்றைய நெருப்பு எழுதிய எழுத்து' என்று அழகான எழுத்தில் போட்டிருந்தது.

தொமியே கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"தம்பி, இது என் கடையில பட்டது."

"என்னம்மா?"

"காலம் பூரா ஒகொனொமியாக்கி அடைக் கடை வச்சிருந்தேன்ல? முட்டைக்கோஸைத் திருப்பிப் போடும்போது இரும்புக்கல்லு சுட்டுடுச்சு. அன்னைக்கு நான் கிழங்கு வாங்கிட்டு வர அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். நடுவுல மலை மறைச்சதுல எனக்கு ஒரு கீறல் கூட இல்ல."

ஓவியரின் முகத்தில் ஒருவழியாகத் துக்கம் வந்தது. "நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"வாயைத் தொறந்தேன். 'சொல்ல வேணாம்மா, எனக்குப் புரியுது'ன்னு கையெடுத்துக் கும்பிட்டீங்க. அவ்ளோ பக்தியா நிக்கிறவரை எப்படிக் கெடுக்குறது?"

மிதராய் தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஐயோ, மேயர் வேற வர்றாரு! தொமியே அக்கா, வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க!"

"எதுக்குச் சொல்றேன்? ஆனா இந்தப் படத்துக்குப் பக்கத்துல என் தங்கச்சியும் தொங்கணும். இல்லேன்னா மேயர் கையைப் பிடிச்சு, முட்டைக்கோஸ் கதையை முதல்லேருந்து ஆரம்பிப்பேன்."

குராமொச்சி புதிய தாள் ஒன்றை எடுத்துப் பலகையில் பொருத்தினார். அந்த ஒரு காரியத்துக்காக அவருடைய கறுப்பு உடுப்பைத் தொமியே மன்னித்தாள்.

"யாரை மாதிரி இருப்பாங்க?"

"என்னை மாதிரிதான். சுருக்கத்தையெல்லாம் எடுத்துடுங்க. மூக்கு இன்னும் சின்னது. கன்னம் உப்பலா இருக்கும். இருங்க, இது இருந்தா வராது." தொமியே வாயில் கைவிட்டு மேல்வரிசைப் பல்செட்டைக் கழற்றித் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். "அவளுக்கு முன்னாடி ரெண்டு பல்லு மட்டும்தான் இல்ல. மத்ததை நீங்க போட்டுக்கோங்க."

அவர் வரைய வரைய, பல்லில்லாத வாயாலேயே அவள் சொன்னாள். குண்டு விழுவதற்கு முதல் நாள் சாயங்காலம்தான் நோபுவேயின் இரண்டாவது முன்பல் விழுந்தது. கீழ்ப்பல் விழுந்தால் கூரைமேல் எறிய வேண்டும், மேல்பல் விழுந்தால் தரைக்கு அடியில் போட வேண்டும். அப்போதுதான் புதுப்பல் பழையதைத் தேடி நேராக முளைக்கும். அக்காவும் தங்கையும் குப்புறப் படுத்து, வாசல் பலகைக்கு அடியில் பல்லை வீசினார்கள். எப்போ முளைக்கும், எப்போ முளைக்கும் என்று நோபுவே ராத்திரி முழுக்க நச்சரித்தாள். காலையில் தொமியே கிளம்பும்போதும் வாசலில் நின்று அதையே கேட்டாள். சீக்கிரம் முளைச்சிடும், பேசாமல் இரு என்று சொல்லிவிட்டுத் தொமியே ஓடினாள். திரும்பி வந்தபோது தெருவே இல்லை. தண்ணீர்த் தொட்டியின் கல்லை வைத்து வீட்டை அடையாளம் கண்டு, சூடு தணியாத சாம்பலைக் கையாலேயே தோண்டினாள். அம்மாவின் கெட்டில் கிடைத்தது. நோபுவேயுடையது என்று எதுவுமே கிடைக்கவில்லை.

மிதராய் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"காது எப்படி இருக்கும்மா?" என்றார் குராமொச்சி மெதுவாக.

தொமியே யோசித்தாள். நெடுநேரம் யோசித்தாள். தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"தெரியல தம்பி" என்றாள். "முடியை வெட்டிக் காதை மூடி விட்டிருப்பாங்க அம்மா. மூடியே போட்டுடுங்க."

திறப்பு விழாவன்று மேயர் தழும்பின் முன்னால் நெடுநேரம் தலைகுனிந்து நின்றார். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இரும்புக்கல்லுக்கு இத்தனை மரியாதையா என்று தொமியேவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் கொடுத்த வாக்கை மீறவில்லை.

பக்கத்தில் தொங்கிய சின்னப் படத்தைக் கூட்டம் கண்டுகொள்ளவில்லை. குடையை மடக்கிக் கையில் வைத்திருந்த ஓர் அம்மாள் மட்டும் அதன்முன் நின்று, தொமியேவையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சின்ன வயசுல நீங்களாம்மா இது? அழகாச் சிரிக்கிறீங்க."

"நான் இல்லம்மா, என் தங்கச்சி நோபுவே" என்றாள் தொமியே. "பல்லு இன்னும் முளைக்கல."